மோவாயில் ஒரு பள்ளம்

வோர்சாக் கோட்டை,
1578 செப்டம்பர் 9

லியோன் நகரில் செம்புத் தகட்டில் உருவம் செதுக்கும் பெனுவா மர்லியேவுக்கு,

என்னை உமக்குத் தெரியாது. என் அண்ணனைத் தெரியும். பதினெட்டு வருடங்களுக்கு முன், துருக்கியரோடு சண்டைக்குக் கப்பலேற மார்சேய் துறைமுகத்துக்குப் போகிற வழியில் உம் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தவன், எமார் த வோர்சாக். அவன் முகத்தைச் செதுக்கி, இருபத்து நான்கு தாள் அச்சடித்து அனுப்பினீர். கட்டு வந்து சேர்ந்தது எங்கள் அப்பாவை அடக்கம் செய்த வாரத்தில். எனக்கு அப்போது பதினொரு வயது. மற்றத் தாள்கள் தூரத்து உறவுக்காரர் வீடுகளுக்குப் போயின. ஒன்றை நான் வைத்துக்கொண்டு, ஜெபத்துக்கு மண்டியிடும் இடத்துக்கு நேரே சுவரில் ஒட்டினேன். அதே வருடம் துருக்கியர் எங்கள் கப்பல்களைக் கடலில் மடக்கினார்கள். அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. இந்த நிலத்தையும் ஆட்களையும் நான்தான் தனியாளாகக் கட்டி மேய்த்துவருகிறேன்.

போன மாதம் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"ஜில்லி, கதவைத் தொற. கால் கடுக்குது."

"யாரு நீ?"

"எமார். உன் அண்ணன். துருக்கிக் கப்பல்ல அடிமையா துடுப்புப் போட்டுட்டு வரேன். முதல்ல உள்ள விடு, அப்புறம் திட்டு."

ஜில்லி என்பது என் சின்ன வயசுப் பெயர். அண்ணனோடு ஒரே பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவன் எவனுக்கும் அது தெரிந்திருக்கும். கிணறு எங்கே, நாய்க்குப் பெயர் என்ன என்பதெல்லாமும் அப்படித்தான். நான் அவனைத் தாளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். படத்தில் இருப்பவனுக்கு மோவாயில் ஒரு பட்டாணி புதைகிற அளவுக்குப் பள்ளம். இவனுக்கு அந்த இடம் வழித்துவைத்த வெண்ணெய் மாதிரி இருக்கிறது. படத்தில் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, இவனுக்குத் தொங்குகிறது. துடுப்புப் போட்டால் முதுகு வளையும், பல் விழும். மோவாய்ப் பள்ளம் தூர்ந்துபோகுமா?

ஆட்களை விட்டுப் பிடித்து நகரச் சிறையில் ஒப்படைத்துவிட்டேன். இன்னொருவன் பெயரையும் மண்ணையும் திருட வருகிறவனுக்கு இங்கே தூக்குத்தான். நீதிபதிக்கு ஒரு விஷயம் மட்டும் உறுதியாகவேண்டும். படத்தின் அடியில் 'நேரில் கண்டு செதுக்கியது' என்று நீர் பொறித்திருக்கிறீர். அது மெய் என்று உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் முன்னால் சத்தியம் செய்து எழுதி அனுப்பும். உமக்கு ஒரு பிற்பகல் வேலை. தாமதம் வேண்டாம்.

ஜில்பெர்த் த வோர்சாக்

⁂

லியோன்,
1578 செப்டம்பர் 21

மதிப்புக்குரிய சீமாட்டிக்கு,

தங்கள் கடிதம் வந்தது. இரண்டு நாள் என் மேசையில் கிடந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கால் பெருவிரலில் வாதம். சிறகு பட்டாலும் உயிர் போகிறது. அதோடு இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அறுபது பேரின் முகங்களைச் செதுக்கி ஒரே புத்தகமாகக் கொண்டுவரும் வேலையில் கழுத்துவரை மூழ்கிக் கிடக்கிறேன். முப்பத்தெட்டு முகங்கள் முடிந்தன. முப்பத்தொன்பதாவது ஆள் தன் மருவை எடுத்துவிடச் சொல்கிறார்.

தங்கள் அண்ணன் படம் நன்றாக நினைவிருக்கிறது. பட்டுக் கழுத்துமடிப்பு, கீழே மூன்று கோபுரம் போட்ட குலச்சின்னம். அந்த மடிப்பைச் செதுக்க எட்டு நாள் பிடித்தது.

ஆனால் அம்மணி, ஒரு ஆளின் கழுத்தில் கயிறு விழுவதும் விழாததும் ஒரு பழைய தாளை நம்பியா இருக்கவேண்டும்? அவரைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர்கள், கூடக் குதிரையேறியவர்கள் என்று யாருமே அங்கே மிச்சம் இல்லையா? அவர்களைக் கேட்பதல்லவா முறை. கால் சரியானதும் பத்திர எழுத்தரிடம் போகிறேன்.

பணிவுடன்,
பெனுவா மர்லியே

⁂

வோர்சாக்,
1578 அக்டோபர் 2

பெனுவாவுக்கு,

உமது கால்விரலைப் பற்றி ஒரு பத்தி, யாரோ ஒருவருடைய மருவைப் பற்றி ஒரு வரி. நான் கேட்டதைப் பற்றி ஒன்றும் இல்லை. கழுவின மீனில் நழுவின மீன் நீர்.

யாரும் மிச்சம் இல்லையா என்று கேட்கிறீர். கொள்ளைநோய் இரண்டு தடவை வந்துபோன ஊர் இது. மிச்சம் இருப்பது மாத்யுரேன் ஒருவன்தான். அப்பா காலத்துக் காரியக்காரன். என் காலத்தில் மதுப் பீப்பாய்களை வெளியே விற்றுப் பிடிபட்டு, என் கையாலேயே விரட்டப்பட்டவன். அவன் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இது நம்ம சின்ன எசமான்தான். அந்தப் படம் வந்தன்னைக்கே சொன்னேனே, இது அவரு மொகமில்லேன்னு. செருப்பைக் கழட்டி என் மேல எறிஞ்சீங்க. மறந்துபோச்சா?" என்கிறான். எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை. விரட்டப்பட்டவனின் சாட்சியை நீதிபதி ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

உமக்கு இது விளங்குகிறதோ என்னவோ, எழுதிவிடுகிறேன். அவன் எமார் என்று தீர்ப்பானால் இந்த வீட்டில் நான் விருந்தாளி. இருபத்தொன்பது வயசு, கல்யாணம் இல்லை. கன்னியர் மடத்துக் கதவு எனக்காகத் திறந்தே இருக்கும். தண்ணீர் நின்ற தாழ்வயலை வாய்க்கால் வெட்டிக் கோதுமை வயலாக்கியவள் நான். போன வருடம் கொள்ளைச் சிப்பாய்கள் வந்தபோது வாசலில் நின்று பேசி அனுப்பியவளும் நான். இதையெல்லாம் யாரோ ஒரு மொழுக்கை மோவாய்க்காரனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு ஜெபமாலை உருட்டப் போகமாட்டேன்.

சத்தியப் பத்திரத்தை அனுப்பும்.

ஜில்பெர்த்

⁂

லியோன்,
1578 அக்டோபர் 13

சீமாட்டிக்கு,

கடிதத்தை என் மனைவி க்ளோதின்தான் வாசித்துக் காட்டினாள். "நல்லாத்தான் திட்டறாங்க. உங்களுக்கு வேணும்" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை என் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அவள் அப்படி வைத்தால் நாள் முழுக்க எனக்கு வேலை ஓடாது.

செதுக்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அம்மணி. கொஞ்சம் சேர்ப்போம், கொஞ்சம் குறைப்போம். அந்த வருடங்களில் மோவாயில் பள்ளம் இருந்தால் வீரக்களை என்று பெரிய வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். இல்லாதவர்களுக்கும் ஒன்றைத் தட்டிவிடுவதுண்டு. அப்படி ஏதாவது நடந்திருக்கலாம். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது, எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இதை நீதிபதியிடம் சொல்லி, அந்த ஆளைத் தூக்கிலிடாமல் நாட்டைவிட்டு அனுப்பிவைக்கக் கேட்கலாமே. வீடும் தங்களுக்கு, உயிரும் அவனுக்கு.

பெனுவா மர்லியே

⁂

வோர்சாக்,
1578 அக்டோபர் 23

பெனுவாவுக்கு,

வீரக்களைக்காகக் காது மடலையுமா ஒட்டவைத்தீர்?

போன வாரம் சிறைக்குப் போனேன். படத்தை எடுத்துப்போய் அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, நீதிபதியின் எழுத்தருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் வைக்கோலில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன ரொட்டியைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"பள்ளம்தானே வேணும் உனக்கு? ஒரு ஆணி குடு, அடிச்சுக்கறேன்."

எழுத்தர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ லியோன்ல உக்காந்தப்ப செதுக்கின படம்தானே இது?" என்றேன்.

"லியோன்ல நான் எறங்கவே இல்ல, ஜில்லி. ரெண்டு நாள் தங்கி அந்தாள் முன்னாடி உக்காருன்னு அப்பா சொன்னாரு. கப்பல் கெளம்பப் போகுதுன்னு சேதி வந்துச்சு, ஆத்துப் படகுலயே நேரா போயிட்டேன். ஒரு படத்துக்காகச் சண்டையை விடுவேனா, பத்தொம்பது வயசுல?" அப்புறம் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இந்த ஆளு? பாக்க நல்லாத்தான் இருக்கான்" என்றான்.

எழுத்தர் அதை எழுதிக்கொள்ளவில்லை. 'நேரில் கண்டு' என்று அச்சில் இருக்கும்போது கைதியின் பேச்சை எதற்கு எழுதவேண்டும்? ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வயலுக்குப் போகிறேன், பாதியில் திரும்பிவிடுகிறேன். ஆட்களை அழைத்துவிட்டு எதற்கு அழைத்தேன் என்று மறந்து நிற்கிறேன்.

நவம்பர் இருபத்தெட்டில் விசாரணை. சத்தியப் பத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் அச்சில் இருப்பதை வைத்தே முடித்துவிடுவதாக நீதிபதி சொல்லிவிட்டார். இனி எனக்குப் பத்திரம் வேண்டாம். பதில் மட்டும் வேண்டும். என் அண்ணன் உம் முன்னால் உட்கார்ந்தானா இல்லையா?

ஜில்பெர்த்

⁂

லியோன்,
1578 நவம்பர் 3

அம்மணி,

உட்காரவில்லை.

தங்கள் அப்பாவிடமிருந்து முதலில் ஒரு கடிதம் வந்தது. மகன் வருவான், உட்கார வை, ஈஸ்டருக்குள் தாள்கள் வேண்டும் என்று. நான் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். பிள்ளை வரவில்லை. பத்து நாள் படித்துறையில் போய் நின்றேன். பிறகு ஒரு படகுக்காரன் சொன்னான், வோர்சாக் வீட்டுப் பையன் எப்போதோ தெற்கே போய்விட்டான் என்று. அதை அப்போதே தங்கள் அப்பாவுக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. எனக்கு முப்பது வயது, அப்போதுதான் பெரிய வீட்டு வேலைகள் வர ஆரம்பித்திருந்தன.

என் அலமாரியில் ஒரு தகடு கிடந்தது. மலைக்கு அப்பால் பியெமோந்த்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் படைத்தலைவனுடையது. வேலை முடிகிற சமயத்தில் அவன் இந்த ஊரிலேயே காய்ச்சலில் செத்துப்போனான். கேட்டு வாங்க ஆள் இல்லை. செம்பு விலைக்கு யாரும் தகட்டை வீணாக்குவதில்லை. தேவையானதைச் சுரண்டிவிட்டு வேறு ஆளாக்கிவிடுவோம். இதைச் செய்யாத பட்டறை இந்தத் தெருவில் இல்லை. மகன் செம்பட்டை முடிக்காரன் என்று தங்கள் அப்பா எழுதியிருந்தார். கறுப்பு முடியைச் சுரண்டி வெளிறவைத்தேன். கழுத்துமடிப்பை மாற்றினேன். குலச்சின்னம், பெயர், எல்லாம் மாற்றினேன். முகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அது நான் அதுவரை செதுக்கியதிலேயே நல்ல முகம், மனசு வரவில்லை. அடியில் 'நேரில் கண்டு' என்று முன்பே இருந்தது. அந்தப் படைத்தலைவனைப் பொறுத்தவரை அது மெய்தான். அதை அப்படியே விட்டேன்.

தகட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். திருப்பிப் பாருங்கள். சுரண்டிய இடம் குழிந்துவிடும். பின்பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டித்தான் அதை மேலே கொண்டுவர முடியும். முடிக்கும், கழுத்துக்கும், சின்னத்துக்கும் பின்னால் சுத்தி அடிகள் நெருக்கமாக இருக்கும். முகத்துக்குப் பின்னால் ஒரு அடிகூட இருக்காது. தடவிப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பதினெட்டு வருடம் ஒரு பயமும் இல்லாமல்தான் இருந்தேன். இப்போதுதான் வந்தது. இது வெளியே தெரிந்தால் அறுபது பெரிய மனிதர்களும் தங்கள் முகத்தைத் தாங்களே சந்தேகப்படுவார்கள், என் புத்தகம் போச்சு. எது சரியோ அதைத் தாங்களே செய்துகொள்ளுங்கள்.

பெனுவா மர்லியே

⁂

வோர்சாக்,
1578 நவம்பர் 13

பெனுவாவுக்கு,

எது சரியோ அதை நானே செய்துகொள்ளவேண்டுமாம். நீதிபதியின் விலாசம் உமக்குத் தெரியாதா? நீர் சுமக்க முடியாததைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, பாரம் இறங்கியது என்று உட்கார்ந்துவிட்டீர். அதுவும் யார் தலையில்? அந்த ஆள் தூக்கில் தொங்கினால் வீடு யாருக்கு மிஞ்சுமோ, அவள் தலையில்.

தகடு துணிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. தினம் இரண்டு தடவை எடுத்து, பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். உம் சுத்தி அடிகள் விரலுக்குத் தெரிகின்றன. முகத்துக்குப் பின்னால் பனிக்கட்டி மாதிரி வழுக்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. செம்பு உருக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நேற்று எங்கள் கொல்லனைக் கேட்டேன். "செம்புப் பானை ஏதும் ஒடைஞ்சுபோச்சாம்மா?" என்றான். ஆமாம் என்றேன். அதையும் உமக்கு எழுதிவிடுகிறேன்.

என் அண்ணனின் உண்மையான முகத்தை நினைத்துப் பார்க்க முயல்கிறேன். வரவில்லை. கண்ணை மூடினால் உமது படைத்தலைவன்தான் வருகிறான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கும், மரத்திலிருந்து ஆப்பிள் பறித்துப் போட்டவனுக்கும் அவன் முகம்தான் இருக்கிறது. நீர் என்னிடமிருந்து எதை எடுத்தீர் என்று உமக்குப் புரிகிறதா? மாத்யுரேன் சொன்ன செருப்புக்கூட நினைவுக்கு வந்துவிட்டது. நான் அதை எறிந்தேன்தான். அண்ணன் முகம் மட்டும் வரவில்லை.

அவன் எமார்தான் என்பதற்கும் இந்தத் தகட்டில் ஆதாரம் இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. அப்படியிருக்க நான் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்? பதில் எழுதவேண்டாம். உம் எழுத்தைப் பார்க்கவே எரிகிறது.

ஜில்பெர்த்

⁂

தியேர் நகரத்துக்கு முன்னால், மலைவழிச் சத்திரம்,
1578 நவம்பர் 26

அம்மணி,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் கிளம்பித்தான் வந்தேன். பனி வழியை அடைத்துவிட்டது. கோவேறு கழுதைக்காரன் நேற்றே திரும்பிப் போய்விட்டான்.

தங்கள் கடைசிக் கடிதத்தை க்ளோதின் வாசித்துவிட்டு மேசையில் வைக்கவில்லை, தரையில் போட்டாள்.

"அந்தப் பொம்பளை கொல்லனைக் கேட்ட அளவுக்காவது வந்துட்டா, தன் வாயாலயே சொல்லவும் சொல்றா. நீங்க என்ன பண்ணினீங்க? பெட்டியில வெச்சு அனுப்பிட்டு, அடுத்த மூஞ்சிக்கு ஒக்காந்துட்டீங்க."

"புத்தகம் என்ன ஆவறது?"

"அறுபது மூஞ்சி. நம்ம பிள்ளைங்க நாளைக்கு அதை வெச்சு அப்பா பேரைச் சொல்லுமா, இல்ல ஒரு ஆளைத் தூக்குல போட்டாருன்னு சொல்லுமா?"

காலணிக்குள் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே புறப்பட்டேன். தகட்டைத் தாங்கள் உருக்கிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு வாய் இருக்கிறது, நீதிபதியின் முன்னால் சொல்லிவிடுவேன். இருபத்தெட்டுக்குள் வந்துசேர முடியாது என்று இப்போது தெரிகிறது. நீதிபதிக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு கடிதங்களையும் இந்தச் சத்திரக்காரரிடம் விட்டுவைக்கிறேன். வழி திறந்தால் முதல் ஆளிடம் கொடுப்பார்.

தங்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அதை உருக்கவேண்டாம்.

பெனுவா

⁂

வோர்சாக்,
1578 டிசம்பர் 7

பெனுவாவுக்கு,

உம் கடிதம் நேற்றுத்தான் வந்தது. விசாரணை முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. நீர் வரவேண்டியதில்லை, ஊருக்குத் திரும்பிப் போம்.

அன்று தகட்டைச் சால்வையில் சுற்றி நானே எடுத்துப்போனேன். வண்டியில் ஏறும்வரை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தத் தடவை என் கையில் படம் இல்லை. அவனை அவனாகவே பார்க்கவேண்டியிருந்தது. யாரோ ஒரு கிழட்டு மனிதன், முன்பல் இரண்டு இல்லை, குளிரில் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். எனக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. யார் என்றே தெரியாத ஒருவனை வேறொருவன் மோவாயைக் காட்டிக் கொல்லப் பார்த்தேன் என்பது மட்டும் தெரிந்தது.

தகட்டை நீதிபதியின் மேசையில் குப்புறப் போட்டேன். உம் கடிதத்தையும் வைத்தேன். அவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். முடிக்குப் பின்னால் தடவினார், கழுத்துக்குப் பின்னால் தடவினார். முகத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"அப்ப இது உங்க அண்ணன் மொகம் இல்லீங்க, அம்மா."

"இல்லீங்க."

"இவரு உங்க அண்ணனா?"

"தெரியாதுங்க. என் அண்ணன் மொகம் எனக்கு மறந்துபோச்சு."

இத்தனை நாள் என்னைக் கேலி செய்தவன் தலையைக் குனிந்துகொண்டான். படம் விழுந்ததும் மாத்யுரேனின் சாட்சிதான் மிஞ்சியது. மாலைக்குள் விடுதலை செய்துவிட்டார்கள்.

இப்போது அவன் இங்கேதான் இருக்கிறான். சாவிக் கொத்தைக் கேட்டான், கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. "நீ எங்கயும் போக வேணாம், ஜில்லி. இங்கயே இரு" என்கிறான். நல்ல மனசோடுதான் சொல்கிறான், ஆனால் நான் கட்டி மேய்த்த வீட்டில் என்னை இருக்கச் சொல்ல அவன் யார் என்று வயிறு எரிகிறது. அவன் எமாராகவே இருக்கலாம். ஒரு சமயம் சிரிக்கும்போது அப்பா மாதிரி இருக்கிறது, இன்னொரு சமயம் கப்பலில் கூட இருந்த எவனோ மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்ளலாம். எல்லாத் தங்கைகளும் அண்ணன்களிடம் அப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்த நாளிலிருந்து எனக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது. திரும்பி வந்தவனுக்காக அழ முடியாது, அவன் அடுத்த அறையில் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் செத்தது இன்னொருவன், அந்தப் படத்தில் இருந்தவன். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பார்த்து, இவன் பத்திரமாக இருக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்ட அத்தனை வருடமும் அவன் உங்கள் ஊர் மண்ணுக்குள்தான் இருந்திருக்கிறான். அவன் தகட்டைக் கேட்டு வாங்கக்கூட ஆள் இல்லை என்று நீரே எழுதியிருக்கிறீர், நினைத்து அழ மட்டும் யார் இருந்திருப்பார்கள்? நான் இருக்கிறேன். அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கப் போனேன். பாதிரியார் என்ன பெயருக்கு என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவன் பெயரை எழுதி அனுப்பும்.

ஜில்பெர்த்